மண்ணிட்டு மூடிய வயலும் இரண்டாம் சீலமும்



திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சில, ஐப்பசிப் பௌர்ணமியன்று கூடிப் பஞ்சசீலம் ஏற்றபின், இளைஞர் ஒருவர் எழுந்து எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பறவையைக் கண்ணி வைத்துப் பிடிப்பவன் முதற் சீலத்தை மீறுகிறான், இது எளிதில் விளங்குகிறது. அப்பறவை வந்து இறங்கும் வயலை லாரி லாரியாக மண் கொட்டி மூடுகிறவன் ஒரு பறவையையும் தொடுவதில்லை. அவன் எந்தச் சீலத்தை மீறுகிறான்? எதையும் மீறவில்லை என்றால் நாம் அவனைக் குறை கூறுவதற்கு என்ன நியாயம் உண்டு?" அன்று யாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கு எழுதுகிறோம்.

கேள்வி எழுந்த காலம் மிகவும் பொருத்தமானது. பிக்குகளின் மழைக்கால வாசம் ஐப்பசிப் பௌர்ணமியோடு நிறைவுறுகிறது. இவ்வாசம் ஏற்பட்ட வரலாற்றை வினய நூல் கூறுகிறது. ஆதியில் பிக்குகள் மழைக்காலத்திலும் ஊர் ஊராய்ச் சஞ்சரித்து வந்தனர். பசும்புல்லையும் அதில் வாழும் சிற்றுயிர்களையும் மிதித்துச் செல்வதைக் கண்டு மக்கள் முணுமுணுத்தனர். மரத்தின் உச்சியில் கூடு கட்டும் பறவைகள்கூட மழைக்கு ஓரிடத்தில் தங்குகின்றன, இச்சமணர்கள் மட்டும் தங்கமாட்டார்களோ என்பது அவர்களுடைய குறை. அக்குறை பகவன் புத்தரின் செவிக்கு எட்டியது; மூன்று மாதம் ஓரிடத்தில் உறைதல் என்னும் நியமம் பிறந்தது. சங்கத்தின் ஒரு பெரிய நியமத்திற்குப் பறவையே எடுத்துக்காட்டாய் நின்றது என்பதை நம்மவரில் பலர் அறியார்.

பிக்குகள் தங்கல் முடித்துப் புறப்படும் அதே பருவத்தில்தான் வடதிசைப் பறவைகள் நம் பக்கம் தங்கலுக்கு வந்து சேர்கின்றன. சைபீரியாவின் சதுப்புகளிலிருந்தும், மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்தும், இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் அவை வருகின்றன. 30 நாடுகளின் மேலாகச் செல்லும் அவ்வான்வழிக்கு மத்திய ஆசியப் பறவைவழி என்று பெயர் வைத்திருக்கின்றனர். பொறி உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும். தகைவிலானோ இருபது கிராம். நம் கையிலுள்ள ஒரு கடிதத்தின் கனம். துறவியைப் பற்றிச் சொல்லும்போது, தன் சிறகே தன் சுமையாகப் பறக்கும் பறவையைப் போன்றவன் என்று புத்தர் பெருமான் உவமை கூறினார். அவ்வுவமையின் முழு அளவையும் காண விரும்புவோர் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாயணிக்குச் செல்லலாம்.

வெள்ளாயணி ஏரி திருவனந்தபுரம் நகரின் தெற்கே உள்ளது. கேரளத்தின் நன்னீர் ஏரிகள் என்று பேர்பெற்ற மூன்றனுள் அஃது ஒன்று. மற்றவை சாஸ்தாங்கோட்டையும் பூக்கோடும். ஏரியை அடுத்துப் புஞ்சக்கரி என்னும் வயல்வெளி விரிந்து கிடக்கிறது. 1989இல் வெளிவந்த 'கிரீடம்' என்ற மலையாளப் படத்தினால் பெயர் பெற்ற பாலம் ஒன்றும் அங்கே இருக்கிறது. (பாலத்தைப் பார்க்க வருவோர் பலர், வயலைப் பார்க்க வருவோர் சிலர்.) உழுது நீர் கட்டிய சேற்றில் உள்ளான்கள் தலையை ஆட்டிக்கொண்டு இரை தேடுகின்றன. மஞ்சள் வாலாட்டி மாட்டின் பின்னே ஓடுகிறது. நீலவால் பஞ்சுருட்டான் மின்கம்பியில் வரிசையாய் அமர்ந்து தும்பியைப் பிடிக்கிறது. தகைவிலான்கள் தண்ணீரைத் தொடுவதுபோல் தாழ்ந்து பறக்கின்றன. இவற்றோடு நம்மூர்க் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கலந்து நிற்கின்றன. தலைநகரின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இத்தனை உயிர்கள்!

இவ்வெளி எவ்வாறு அழிகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே நாளில் யாரும் வந்து அதை அழிப்பதில்லை. நெல்லில் லாபம் இல்லை, ஆள்கூலி கட்டவில்லை என்று ஒருவர் வயலைத் தரிசாகப் போடுகிறார். இரண்டு ஆண்டில் கோரையும் சம்பும் ஆளுயரம் வளர்ந்துவிடும். கணுக்கால் அளவு நீரில் நடந்து பழகிய உள்ளானுக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. அடுத்தவர் மண்ணை வாரி மேடாக்கி நேந்திரவாழையும் மரவள்ளியும் வைக்கிறார். அதற்கடுத்தவர் மனை என்று விற்றுவிடுகிறார். மூடுவதற்கு மண் எங்கிருந்து வருகிறது? எங்கோ ஒரு செம்மண் குன்றை இடித்துக் கொண்டு வருகின்றனர். குன்றும் போயிற்று, வயலும் போயிற்று. 1970களின் நடுவில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பதில் நகரத்தை ஒட்டிய வயலுக்கே ஆபத்து அதிகம், ஏனெனில் அங்கே சென்ட் நிலத்தின் விலை நெல்லின் விலையைப் பார்த்துச் சிரிக்கிறது.

பறவைக்கு வேறு வயல் இல்லையா, அங்கே போகக்கூடாதா என்று கேட்பவர் உண்டு. சென்ற ஆண்டு இரை கிடைத்த இடத்தை நாடியே பல பறவைகள் வருகின்றன. ஆயிரக்கணக்கான மைல் பறந்து, உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் கரைந்து வந்து இறங்கும்போது கீழே கான்கிரீட் இருந்தால், அதன் கணக்கு அங்கேயே முடிந்து போகலாம்.

இனிச் சீலத்திற்கு வருவோம்.

கொல்லாமை என்னும் முதற் சீலத்தைக் கொண்டு பறவைகளைக் காத்த வரலாறு நம் மார்க்கத்தில் மிகப் பழையது. அசோகச் சக்கரவர்த்தி முடிசூடிய 26ஆம் ஆண்டில் தூண்களிற் பொறித்த சாசனம் ஒன்றில், கொல்லத்தகாத பிராணிகளின் பட்டியலை வைத்தார். அதில் கிளி, மைனா, அன்னம் இவற்றோடு சக்கரவாகமும் இருக்கிறது. சக்கரவாகம் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து திரும்பும் பறவை. வந்து போகும் விருந்தினருக்கும் அம்மன்னர் காவல் எழுதி வைத்தார் என்க. அதே சாசனத்தில், உயிர்கள் உள்ள பதரைக் கொளுத்தலாகாது என்றும், வீணாகக் காட்டுக்குத் தீயிடலாகாது என்றும் கட்டளை உண்டு. வாழும் உயிரோடு வாழும் இடத்தையும் அவர் நினைத்தார் என்பதற்கு இது சான்று.

கொலையை நிறுத்துவது முடியாத காரியம் அன்று. நாகாலாந்தில் வோகா மாவட்டத்தில் பாங்டி என்னும் ஊர் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அமூர் வல்லூறுகள் அங்கே தங்கிச் செல்லும். 2012இல் அவற்றை வலை கட்டி ஆயிரம் ஆயிரமாய்ப் பிடித்துக் கொன்றனர். செய்தி உலகெங்கும் பரவியது. ஊர்ச் சபையாரும், அவர்களுடைய திருச்சபையாரும், அரசாரும், பறவை ஆர்வலரும் கூடிப் பேசினர். 2013இல் அங்கே வலை விரிக்கப்படவில்லை. ஓராண்டில் ஓர் ஊர் மாறியது! அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் அவ்வூராரை வணங்குவதில் நமக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் வெள்ளாயணியில் வலை இல்லையே! கொலை கண்ணுக்குத் தெரிந்தால் வெட்கம் வரும். வெட்கம் வந்தால் கை நிற்கும். மண் கொட்டுகிறவன் கையில் இரத்தம் இல்லை, பத்திரம் இருக்கிறது. ஆதலின் அந்த இளைஞருக்கு யாம் சொன்ன விடை இதுதான்: அவன் மீறுவது முதற் சீலத்தைவிட முதன்மையாக இரண்டாம் சீலத்தை. கொடாததை எடாமை என்பதே இரண்டாம் சீலம். திருடாமை என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லி, அதன் அகலத்தை நாம் குறுக்கிவிட்டோம்.

வயலை வாங்கியவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது? நாலு எல்லைக்குட்பட்ட மண் கொடுக்கப்பட்டது. வானத்திலிருந்து விழும் மழை ஓடிவந்து தங்கும் இடத்தை யார் அவனுக்குக் கொடுத்தார்? நீர் நிலத்தில் இறங்கி அயலார் கிணற்றில் ஊறுவதை யார் விற்றார்? பறவையின் ஆறு மாத உணவை எந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தது? இவையெல்லாம் அவனுக்குக் கொடுக்கப்படாதவை. மண்ணை மூடும்போது இவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான். எடுக்கும்போது யாரும் கூக்குரலிடுவதில்லை. இழந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறகு உண்டு, வாய்ப்பேச்சு இல்லை. மறுபகுதியினர் பள்ளத்தில் குடியிருக்கும் ஏழைகள். மழை வரும்வரை தாம் இழந்ததை அறியமாட்டார்கள்.

மழை வந்தால் தெரியும். 2023 அக்டோபரில் பெய்த பெருமழையில் திருவனந்தபுரத்தின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் நீர் புகுந்தது. நீர் தங்கும் இடம் மூடப்பட்டால் அது வேறிடம் தேடும். மேட்டை நோக்கிப் போகாது. அவ்வூரில் ஆமயிழஞ்சான் தோடு என்றொரு கால்வாய் ஓடுகிறது. தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் புகுந்து, நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்து, வடக்கே ஆக்குளம் காயலில் சேர்கிறது. ஆக்குளம் ஒரு காலத்தில் நீர்ப்பறவைகள் நிறைந்திருந்த காயல். பின்னர் ஆகாயத்தாமரை மூடிச் சேறு தூர்ந்தது. 2024 ஜூலையில், ரயில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கப் பகுதியில் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். தேடியவர்களுக்கு அவர் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. பறவையின் காயலைக் கெடுத்த அதே குப்பைதான் அம்மனிதரின் உயிரையும் கொண்டது. பறவைக்காகப் பேசுவது வேறு, மனிதனுக்காகப் பேசுவது வேறு என்பவர்கள், அந்தத் தோட்டின் கரையில் நடந்து, எந்த இடத்தில் அவை இரண்டாகப் பிரிகின்றன என்று காட்டட்டும்.

இதைச் சொன்னவுடன் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்தார். "குளத்தில் கொக்கு இறங்கலாம், மாடு இறங்கலாம், என் பாட்டன் இறங்கக்கூடாது என்றிருந்த நாட்டில், இப்போது கொக்குக்குப் பரிந்து பேச நாம்தான் வேண்டுமா?" என்றார். இதுவே கடினமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு உபதேசம் செய்வது நேர்மையாகாது.

1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் மகாடு நகரின் சௌதார் குளத்தில் இறங்கித் தம் கையால் நீரை அள்ளிப் பருகியதற்கு எக்காரணம் இருந்ததோ, அக்காரணம்தான் அம்மூதாட்டியின் வாயில் வந்தது. வெள்ளாயணிக்கு அடுத்துள்ள வெங்ஙானூரிலும் இவ்வரலாறு உண்டு. அய்யங்காளி 1863இல் பிறந்த ஊர் அது. பொதுச் சாலையில் வில்வண்டி ஏறிச் சென்ற அப்பெருமகன், தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையேல் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்பதே அவர்களின் சொல். அப்படியானால் அவ்வட்டாரத்து வயல்களைச் சேற்றில் நின்று உண்டாக்கியவர் யார்? அம்மக்களே அன்றோ! 1970இல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்தது. சேற்றில் நின்றவர்க்குப் பெரும்பாலும் குடிசை நின்ற சில சென்ட் மனையே கிடைத்தது. வயல் விலையேறி மனையாய் விற்கப்பட்டபோதும் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை.

ஆகவே பறவையா ஏழையா என்று நம்மை நிறுத்திக் கேட்பவரின் கணக்கில் பிழை இருக்கிறது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேறு நிலமில்லாதவர் வீடு கட்டிக்கொள்ள ஊராட்சியில் 10 சென்ட்டும் நகரத்தில் 5 சென்ட்டும் அனுமதி பெற்று மேடாக்கலாம் என்று அச்சட்டமே ஒரு வாயில் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயில் வழியாக வரும் ஏழையால் புஞ்சக்கரி அழியவில்லை. ஏக்கர் கணக்கில் வாங்கித் தரிசு போட்டு, வயல் என்ற அடையாளம் மறையும்வரை காத்திருப்பவரால் அழிகிறது. 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2008க்கு முன் மூடிய நிலத்தைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வழி செய்தனர். கட்டணம் செலுத்தினால் நீர் திரும்பி வருமா என்று யாம் கேட்கிறோம்.

பத்திரம் இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்ற சொல்லால் நம் முன்னோர் குளத்தங்கரையிலிருந்து விரட்டப்பட்டனர். அச்சொல்லின் சூட்டை அறிந்த நாம், அதே சொல்லை ஓர் உள்ளானின்மேல் வீசலாமா? அம்மூதாட்டியிடம் யாம் கூறியது இவ்வளவே. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "கொக்கு நம்மை விரட்டவில்லைதான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

யாம் ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்த காலத்தில் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். எம் குடியிருப்பு, ஊர்க் குளத்தின் ஒரு மூலையைத் தூர்த்துக் கட்டிய லைன் வீடுகள். முதல் ஆண்டு தவளைச் சத்தம் நின்றது. அடுத்த ஆண்டு மார்கழியில் வாத்துகள் வரவில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்கும் அடுத்த ஆண்டு ஐப்பசி அடைமழையில் நீர் எம் அடுப்புவரை வந்தது. இரவுஷிப்டு முடிந்து வந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம். தூர்த்தவர்களின் வீடு மேட்டில் இருந்தது. பறவை முதலில் வெளியேறுகிறது, ஏழை அடுத்து வெளியேறுகிறான். இந்த வரிசையை எம் கண்ணால் கண்டோம்.

ஜாதகக் கதைகளில் குலாவக ஜாதகம் என்று ஒன்று உண்டு. மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூரில் மகன் என்னும் பெயருடைய ஓர் இளைஞன் இருந்தான். தன் ஊர் ஆடவரைச் சேர்த்துக்கொண்டு வழியிலுள்ள கல்லைப் பொறுக்கினான், பாலம் போட்டான், குளம் தோண்டினான், வழிப்போக்கருக்கு மண்டபம் கட்டினான். ஊரார் ஒழுக்கமுடையவராயினமையின் கள் விற்பனையால் வந்த வரும்படி போயிற்றென்று கிராம அதிகாரிக்குக் கோபம்! கள்ளர் என்று அரசனிடம் கோள் சொன்னான். யானையை விட்டு மிதிக்கச் சொன்னான் அரசன், யானை மிதிக்கவில்லை. அவ்விளைஞனே மறுபிறப்பில் சக்கன் என்னும் தேவராஜன் ஆனான்.

தேவராஜனான பின் அசுரரோடு போர் மூண்டது. தோற்று ஓடினான். தேர் இலவ மரக் காட்டின் வழியே பாய்ந்தது, மரங்கள் சாய்ந்தன, கூட்டிலிருந்த கருடக் குஞ்சுகள் அலறின. அஃது என்ன ஒலி என்று சக்கன் வினவ, சாரதி மாதலி உண்மையைச் சொன்னான். பின்னால் பகைவர் துரத்துகின்றனர், முன்னால் குஞ்சுகள். நம் அரசுக்காக இவை சாக வேண்டாம், என் உயிர் போனாலும் போகட்டும், தேரைத் திருப்பு என்றான் சக்கன். தேர் திரும்பியது. துணைப்படை வந்ததென்று எண்ணி அசுரர் ஓடிவிட்டனர். வெற்றி கிடைத்தது கதையின் பிற்பகுதி. தேரைத் திருப்பும்போது அது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது. எமக்கு இக்கதையில் பிடித்த இடம் அதுவே.

2022இல் மலப்புறம் மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தனர். அதில் நீர்ப்பறவைகள் கூடு வைத்திருந்தன. மரம் விழுந்தபோது பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஏராளமாகச் செத்தன. தாய்ப்பறவைகள் மேலே வட்டமிட்டன. அவை வடக்கிலிருந்து வந்தவை அல்ல, அவ்வூர்ப் பறவைகளே. சாலை வேண்டாமென்று யாரும் கூறவில்லை. குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறக்கச் சில வாரம் போதும். சக்கனின் பின்னால் அசுரர் சேனை துரத்தி வந்தது. இங்கே எந்தச் சேனை துரத்தியது?

தமிழ்நாட்டிலும் இரு வழியையும் காணலாம். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. கட்டடமும் குப்பைமேடும் தின்றது போக, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியிலோ, வேட்டங்குடிக் கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளாதிருக்க ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் உழவர்கள் பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் நெல்லுக்கு உரம் என்று அறிந்து தலைமுறை தலைமுறையாய் அவற்றைக் காத்தனர். காவல் என்பது பிச்சையிடுவதன்று. கொடுத்தும் கொண்டும் வாழ்வது.

திருவனந்தபுரத்துக் குடும்பங்கள் தாம் செய்யத்தக்கவற்றைக் கேட்டன. வயல் மூடப்படுவதைக் கண்டால், ஒவ்வோர் ஊராட்சியிலும் அச்சட்டப்படி ஒரு கண்காணிப்புக் குழு உண்டு, வேளாண் அலுவலர் அதில் இருக்கிறார். அவரிடம் எழுத்தில் கொடுங்கள். தனித்தனியே கொடாமல் பத்துப்பேர் கையொப்பமிட்டுக் கொடுங்கள். வெள்ளாயணியில் இன்னும் நெல் விளைவிப்பவர் சிலரே. அவர்களிடம் நேரே அரிசி வாங்குங்கள். சேறு இருந்தால்தான் உள்ளான் இருக்கும், நெல் விற்றால்தான் சேறு இருக்கும். தரிசு வயலின் காய்ந்த கோரைக்குத் தீ வைக்கும் பிள்ளைகளுக்கு அசோகர் சாசனத்தைச் சொல்லுங்கள். இப்பருவத்தில் ஆறுமணிக் குருவி, பறந்த களைப்பில் நகரத்து வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதுண்டு. பூனைக்கு எட்டாதபடி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் மூடி, இருட்டான இடத்தில் சில நாழிகை வையுங்கள். வாயைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள். தெளிந்தபின் மரத்தடியில் விட்டால் போய்விடும்.

1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நாடெங்கும் எண்ணுகிறார்கள். வெள்ளாயணிக்கும் ஆக்குளத்துக்கும் ஆட்கள் வருவர். உடன் செல்வதற்குப் படிப்போ பட்டமோ வேண்டியதில்லை. யாமும் தை மாதத்தில் வருவதாக அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறோம். விடியுமுன் புறப்பட வேண்டும். முழங்கால்வரை சேறு இருக்கும், செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுங்கள். சத்தம் போடாமல் நடந்தால் உள்ளான் பத்தடி தூரத்தில் நின்று மேயும்.